ஊசியில் வர வேண்டிய குமிழி

தெருவில் அவளை ஊசிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரோ நர்ஸ் என்று நினைத்துக் காய்ச்சலோடு மாடியேறி வந்தவர்களும் உண்டு. அவள் போடுவது அந்த ஊசி இல்லை. பெண்களின் தாடையிலும் மேலுதட்டிலும் வேண்டாத இடத்தில் முளைக்கிற முடியின் வேர்வரைக்கும் மெல்லிய ஊசியை இறக்கி, துளி மின்சாரம் விட்டு, மறுபடி தலைகாட்டாதபடி எடுத்துவிடுகிற வேலை. அதுவும் ஒவ்வொரு முடியாக. பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

அவளுடைய மிஷின் அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து உழைக்கிறது. சாம்பல் நிற இரும்புப் பெட்டி. முகப்பில் மின்சார அளவைக் காட்டும் ஒரு முள், கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அடியில் இரண்டு துளைகள். ஒரு துளையிலிருந்து வரும் ஒயரில் ஊசி, இன்னொன்றில் பித்தளைப் பிடி. வந்து படுக்கிறவர் ஈரத்துணி சுற்றிய அந்தப் பிடியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், அப்போதுதான் மின்சாரம் சுற்றி வரும். ஒருமுறை புது மிஷின் விற்கிறவர் ஒருவர் டையெல்லாம் கட்டிக்கொண்டு வந்து, "இன்னுமா இதை வெச்சு ஓட்டறீங்க?" என்று சிரித்தார். தன்னுடைய சாமானை வைக்க இடம் வேண்டுமென்று இந்தப் பெட்டியை நகர்த்தப் பார்த்தார். அது குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது. "உங்க மிஷினை ஒரு விரல்ல தூக்கிடலாம். ஒரு விரல்ல தட்டினா உடைஞ்சும் போயிடும்" என்று சொல்லி அவரைக் காபி கொடுத்து அனுப்பினாள்.

பெட்டி சாகாது, ஒயர்தான் சாகும் என்பார் அவள் கணவர். ஒயருக்கு மேலிருக்கும் தோல் காய்ந்து வெடிக்கும். திருகாணி தளரும். பித்தளைப் பிடியில் பச்சைக் களிம்பு ஏறும், அதை அன்றன்றைக்கே தேய்த்துத் துடைக்க வேண்டும். துடைப்பது அவள் வேலை, பெட்டியைத் திறப்பது அவர் வேலை. வருஷக்கணக்கில் இப்படித்தான். அவர் தெருமுனையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையை மூடிய பிறகும் அவர் பெயர் ரேடியோக்காரர்தான்.

கடையை ஏன் மூடினார்? "இந்தக் காலத்துல எவன் ரேடியோ கேக்கறான்?" என்று எல்லோரிடமும் சொன்னார். உண்மை அதில்லை. சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. இது டாக்டருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கீழே கடை வைத்திருந்த தையல்காரர் ஒருவர்தான், ஊர் வம்பை எல்லாம் ஊசியில் கோத்து வைத்திருக்கிற மனுஷர், விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். "என்ன அண்ணே, படியைத் தடவித் தடவி எறங்கறீங்க? கண்ணுல ஏதாச்சும் கோளாறா?"

"செருப்பு புதுசுய்யா, வழுக்குது" என்பார் ரேடியோக்காரர். அந்தச் செருப்பு மாதக்கணக்கில் புதுசாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் ஊசி ஒயரின் தோல் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தது. பிடியின் ஒயரும் அதே கதிதான். வெளியே கொடுத்து மாற்றலாமா என்று அவள் வாயெடுக்கும் முன்பே அவர் ஸ்டூலை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டார். திருப்புளியைக் கையில் எடுத்ததும் முகமே மாறிவிட்டது மனுஷருக்கு. கடையை மூடிய நாளிலிருந்து காணாமல் போயிருந்த ஒரு சீட்டி எங்கிருந்தோ உதட்டுக்கு வந்தது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி அவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பழைய ஒயர்களைக் கழற்றிப் போட்டார். புது ஒயர் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு; ஊசிக்குக் கறுப்பு, பிடிக்குச் சிவப்பு போக வேண்டும். இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மறுபடி தூக்கிப் பிடித்தார். கதவோரம் நின்ற அவளுக்கு வார்த்தை தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. வலது கையில இருக்கறதுதாங்க சிவப்பு, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் போன மாதம் இதே மாதிரி, "அது சர்க்கரை இல்லீங்க, உப்பு டப்பா" என்று சொன்னதற்கு ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை அவர். வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன பாக்கற? ரேடியோக்காரன் ஒயர் மாட்டி நீ பாத்ததே இல்லையா?"

"சும்மா பாத்தேங்க" என்று சொல்லிச் சமையலறைக்குப் போனாள்.

பெட்டியைத் திறந்து மூடினால் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. ஊசியையும் பிடியின் நுனியையும் அதில் இறக்கி மின்சாரத்தை விட்டால், ஊசியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்ப வேண்டும். அப்படி வந்தால் ஒயர் சரி. குமிழி பிடியில் வந்தால் ஒயர் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம், அந்த ஊசியை ஒருத்தர் மேலும் வைக்கக் கூடாது. வைத்தால் வேர் சாகாது. ஊசியின் இரும்பு கரைந்து தோலுக்குள் கறுப்புப் புள்ளியாக உட்கார்ந்துவிடும், பச்சை குத்தின மாதிரி. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஒவ்வொரு தடவையும் மூடியை முடுக்கின கையோடு, "தண்ணி கொண்டா!" என்று சத்தம் போடுவதே அவர்தான்.

அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. அவளாகவே டம்ளரில் உப்பைப் போட்டு, ஸ்பூனால் கலக்கி எடுத்துக்கொண்டு போனாள். அவர் மூடியை முடுக்கிவிட்டுப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னது கையில?"

"தண்ணிங்க."

"எதுக்கு?"

எதுக்காம்! அவருக்குத் தெரியாதா எதுக்கென்று? துடைக்கிற கை நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்த்தாள். இந்த டம்ளரை மேஜைமேல் வைத்தால், நீங்கள் பார்க்காமல் மாட்டினீர்கள் என்று சொன்னதாகிவிடும். இத்தனை நாள் சொல்லாமல் விட்டதை எல்லாம் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அவள் மனசு கேட்கவில்லை.

"குடிக்கத்தாங்க. ஒரே தாகம்" என்று சொல்லி, அந்த உப்புத் தண்ணீரை அவர் முன்னாலேயே ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

அடி பைத்தியக்காரி! ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது அன்பாகத்தான் தெரிந்தது. அவர் வெளியே போகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வந்தவள் பாலர் பள்ளி டீச்சர். முதல் முதலாக மாடியேறி வந்தபோது தாடையைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள். வகுப்பில் ஒரு வாண்டு, "டீச்சர், உங்களுக்கும் எங்கப்பா மாதிரி தாடி வருமா?" என்று கேட்டுவிட்டதாம். அன்றிலிருந்து ஒரு கையால் கரும்பலகையில் எழுதுவாள், மறுகை தாடையிலேயே இருக்கும். ஊசிக்காரம்மாவிடம் வந்து மாதங்கள் போகப் போக அந்தக் கை மெல்ல மெல்ல இறங்கியது. கடைசியில் கையை வீசிக்கொண்டு படியேறினாள். அதைப் பார்த்துத் தையல்காரர்கூட, "டீச்சர் இப்பதான் நல்லா நடக்கறாங்க" என்றார்.

"அக்கா, அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல போட்டோ எடுக்கறாங்க. மிச்சம் இருக்கற நாலு முடியையும் இன்னிக்கே எடுத்துடுங்க. அதுக்குள்ள சிவப்பெல்லாம் அடங்கிடும்ல? நான் ரெண்டு பக்கமும் பசங்க தோள்ல கை போட்டுட்டு நிக்கணும்."

"இன்னிக்கேவா?" என்றாள் ஊசிக்காரம்மா. அடுத்த அறையில் அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. "சரி, படும்மா" என்றாள்.

ஊசியை இறக்கினாள். முள் சொன்னபடி கேட்டு எழுந்து நின்றது. வழக்கமாக வேரடியில் வெள்ளையாகத் துளி நுரை தட்டும், பிறகு இடுக்கியால் தொட்டாலே முடி கையோடு வந்துவிடும். அன்றைக்கு நுரையைக் காணோம். முடி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. புது ஒயர், பழக வேண்டாமா என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு திருகைக் கொஞ்சம் கூட்டினாள்.

"அக்கா, இந்தப் பிடி இன்னிக்கு என்ன வழவழன்னு இருக்கு? சோப்பு தடவின மாதிரி."

"வேர்வையா இருக்கும்மா."

"எப்படிப் போகுது?" என்று அடுத்த அறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"வெண்ணெய் மாதிரி போகுதுங்க!" என்று இவளும் குரல் கொடுத்தாள்.

அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். எத்தனை வருஷத் தொழில்! தெரிந்துவிடக் கூடாதே என்று கையை வேகமாக ஓட்டினாள், அவ்வளவுதான். டீச்சர் போன பிறகு பிடியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். தினமும் பச்சையாகிக் கிடக்கும் துணி, சலவைக்குப் போய் வந்தது போல வெள்ளையாக இருந்தது. ஆனால் வாய் என்ன சொல்லியது தெரியுமா? "பாத்தீங்களா, உங்க கை பட்டதும் களிம்புகூட ஏறல" என்றது. அவர் சிரித்தார். அன்றிரவு ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் வரவேண்டியவர்களுக்கெல்லாம், தனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று சொல்லியனுப்பினாள். மிஷினுக்கு மேல் துணியைப் போட்டு மூடினாள். அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் கண்ணாடி டம்ளரை எடுப்பாள், திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுவாள். பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டிவரும். ஒருவேளை ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் இல்லையா என்று நாளைக் கடத்தினாள். இந்த "ஒருவேளை" இருக்கிறதே, அது மனுஷர்களைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

டீச்சர் மறுபடி வந்தபோது கை தாடைக்குத் திரும்பியிருந்தது. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. கையை எடுத்துக் காட்டினாள். ஊசி இறங்கின இடங்களில் எல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அவற்றைச் சுற்றிக் கீறலும் ரத்தம் காய்ந்த பொருக்குமாக இருந்தது.

"முடி திரும்பவும் வந்துடுச்சுக்கா. மேல வராம உள்ளயே நிக்குது. நானும் கண்ணாடி முன்னாடி உக்காந்து இடுக்கியால புடுங்கிப் புடுங்கிப் பாக்கறேன், மாட்டவே மாட்டேங்குது. தோல்தான் வருது." குரல் உடைந்தது. "போட்டோவுல எல்லாரும் சிரிச்சுட்டு நிக்கறாங்க. நான் மட்டும் பல்லுவலிக்காரி மாதிரி கன்னத்துல கை வெச்சுட்டு நிக்கறேன்."

ஊசிக்காரம்மாவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இல்லாத முடியைத் தேடி இந்தப் பெண் தன் முகத்தையே கிளறிக்கொண்டிருக்கிறாள்! ஆனாலும் ஒரு பொய் தயாராக வந்து நின்றது. சில பேர் தோல் அப்படித்தாம்மா, கொஞ்ச நாள்ல போயிடும். இதைச் சொன்னால் டீச்சர் நம்புவாள். நம்புகிறவளாகத்தான் இத்தனை மாதம் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த அறையின் கதவு திறந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"தண்ணி கொண்டா" என்றார்.

"எதுக்குங்க இப்ப..."

"கொண்டான்னா கொண்டா."

கொண்டுவந்தாள். மேஜைமேல் தடவி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஊசியையும் பிடியையும் அவரே இறக்கினார். திருகைத் திருப்பினார். குனிந்து, மூக்கு டம்ளரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியல. குமிழி எங்க வருது, நீ சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியல என்று அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. ஊசி, குச்சி மாதிரி சும்மா நின்றது. பிடியின் நுனியில் வெள்ளை வெள்ளையாகக் குமிழி ஒட்டிக்கொண்டு கிளம்பியது. டீச்சரும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவளுக்கு இதன் அர்த்தம் தெரியாது. ஊசியிலதாங்க வருது என்று ஒரு வார்த்தை போதும். அவர் நிம்மதியாக உட்காருவார். டீச்சர் தன் தோலையே நொந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். போய், மறுபடி கண்ணாடி முன்னால் உட்காருவாள்.

"பிடியில வருதுங்க" என்றாள்.

அவர் கையால் தேடி ஸ்டூலைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா என்னக்கா?" என்றாள் டீச்சர்.

"அது முடி இல்லம்மா. தயவுசெஞ்சு இனிமே புடுங்காத. ஒயரு இடம் மாறிடுச்சு. ஊசியோட இரும்பு உன் தோலுக்குள்ள எறங்கியிருக்கு. வேரும் சாகல. எல்லாம் எங்க தப்பு."

"மாட்டினதும் இந்த மாதிரி தண்ணியில வெச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"எப்பவும் பாப்பேன். அன்னிக்குப் பாக்கல."

"ஏன்?"

அந்த ஏனுக்குப் பதில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"இது போயிடுமா?"

"தெரியலம்மா. சில பேருக்கு மங்கும், சில பேருக்கு அப்படியே நிக்கும். தோல் டாக்டர் என்ன வழி சொல்றாருன்னு பாக்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வரவேணாம்" என்றாள் டீச்சர். கையைத் தாடைக்குக் கொண்டுபோனாள். "நான் உங்களை எவ்ளோ நம்பினேன் தெரியுமாக்கா?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஒரு கை கைப்பிடிச் சுவரில், ஒரு கை முகத்தில்.

பிறகு அவர்தான் பேசினார்.

"அன்னிக்கு நீ குடிச்சியே தண்ணி, ரொம்பக் கரிச்சுதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குடிக்கற தண்ணியை எவளாவது ஸ்பூன் போட்டுக் கலக்குவாளா? கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. நீ எதுக்குக் கொண்டு வந்தேன்னு தெரியும். எது சிவப்புன்னு எனக்குத் தெரியலங்கறதும் தெரியும். நீ மடமடன்னு குடிச்சதும், அப்பாடான்னு இருந்துச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு உள்ள வந்து படுத்தப்பவாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, எப்படிப் போகுதுன்னு கேட்டேன் பாரு."

அவள் அழுதாள். அவர் சமாதானம் சொல்லவில்லை. திருப்புளியைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"மூடியைத் திற. நான் சொல்றேன், நீ மாட்டு."

அவள் அந்தப் பெட்டியின் உள்ளே கைவைத்தது அதுதான் முதல் தடவை. வெளியே இருந்த இரும்பு மாதிரியேதான் உள்ளேயும் எல்லாம் கெட்டியாக, கட்டுக்குலையாமல் இருந்தது. அதற்கு ஒரு குறையும் வரவில்லை. எந்தத் திருகாணியைத் தளர்த்த வேண்டும், எதை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அவர் விரலால் தடவித் தடவிச் சொன்னார். அவள் சிவப்பையும் கறுப்பையும் மாற்றி மாட்டினாள். மூடியை முடுக்கினாள். டம்ளரில் புதுத் தண்ணீர், புது உப்பு, புது ஊசி. திருகைத் திருப்பியதும் ஊசியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது.

"எங்க வருது?"

"ஊசியிலங்க. நல்லா வருது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தாங்க."

"வெண்ணெய் மாதிரி போகுதுன்னு சொன்னியே, அந்த நிஜமா?"

கண்ணெதிரே குமிழி வந்துகொண்டிருக்கிறது, ஆனால் அதை அவருக்கு எப்படிக் காட்டுவது? அவள் வார்த்தையைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்த வார்த்தையைத்தான் அவள் செலவழித்துவிட்டாளே.

"கீழ போய்த் தையல்காரரைக் கூட்டிட்டு வா" என்றார்.

"அவரையா? அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லு. வந்து பாத்துச் சொல்லட்டும்."

"ஊரெல்லாம் சொல்லிடுவாருங்க."

"சொல்லட்டும். இனிமே யார் ஒயர் மாட்டினாலும் ரெண்டு பேர் பாக்காம இந்த ஊசி யார்மேலயும் எறங்கக் கூடாது. போ."

அவள் இறங்கிப் போனாள். தையல்காரர் மிஷினில் குனிந்து ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "என்ன ஊசிக்காரம்மா, டீச்சர் ஏன் அப்படி ஓடறாங்க?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் மேல வந்து ஒரு டம்ளர் தண்ணியைப் பாத்துச் சொல்லணும். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியல" என்றாள். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தையல்காரர் தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, ஒன்றுமே கேட்காமல் எழுந்து வந்தார்.